உல்பியானோ வீட்டு உறுமல்

உல்பியானோ வியாஃபரா, ரேடியோ மேஸ்திரி எலியேசர் பலாந்தாவுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேசோ கடன்பட்டிருந்தார். ஒரு பவர் சப்ளையைப் பழுது பார்த்த கூலி. கடனே இல்லை என்று உல்பியானோ ஒருநாளும் சொன்னதில்லை. சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவர் அப்படிச் சொல்வாரா? "சத்தம் போகட்டும், பணம் வரும்" என்றுதான் சொன்னார். சத்தம் போகவில்லை.

பணம் பெரிதில்லை. எலியேசர் அதைவிடப் பெரிய பணத்தையெல்லாம் பார்த்தவர். ஆனால் உல்பியானோ வீட்டில் சனிக்கிழமை தோறும் மதியம் பதினைந்து பேர் இசைத்தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். காலி என்ற நகரத்தின் ஒப்ரேரோ பேட்டையில் பழைய சால்சா ஆட்டப்பாட்டுத் தட்டு சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கூடத்தில்தான் இருப்பார்கள். அந்தப் பதினைந்து பேரும் எலியேசரின் வாடிக்கையாளர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேர மௌனத்தில், "ஊஊஊம்" என்று உறுமல் கேட்கும். பதினைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். டிசம்பர் திருவிழா வருகிறது. திருவிழாவுக்கு முந்தைய ஆறு வாரத்தில் ஊரிலுள்ள ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பழுது பார்க்க வரும். அந்த ஆறு வாரத்துச் சம்பாத்தியத்தில்தான் எலியேசர் அடுத்த ஜூன் வரை சாப்பிடுவார். உறுமல் நிற்காவிட்டால் அந்த ஆம்ப்ளிஃபையர்கள் வேறு கடைக்குப் போகும். விஷயம் அதுதான்.

எலியேசர் யார் என்று தெரியாதவர் அந்தப் பேட்டையில் இல்லை. இருந்தால் புதிதாகக் குடிவந்தவராக இருப்பார். புவெர்த்தோ தெஹாதாவில் கரும்புக் காட்டு நடுவே பிறந்தவர். மூன்றாம் வகுப்பு வரை படித்தார். அதற்கு மேல் படித்திருந்தால் கெட்டுப்போயிருப்பார். பதினோரு வயதில் கரும்பு வெட்டினார். பதினாறில் காலிக்கு வந்து ஒரு ரேடியோ கடையில் தரை கூட்டினார். பற்றவைக்கிற கோலைத் தொட முதலாளி விடவில்லை. "தொடாதே, கூட்டு" என்பான். எலியேசர் கூட்டினார். கூட்டும்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். எந்த ரேடியோ எப்படி இருமினால் முதலாளி எந்தச் சாமானை மாற்றுகிறான் என்று கேட்டுக் கேட்டே இரண்டு வருஷத்தில் தொழிலைக் களவாடிவிட்டார். மூன்றாம் வருஷம் முதலாளி ஒரு ரேடியோவைத் திறந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, துடைப்பத்தை ஊன்றி நின்று, "இடது பக்கக் குழல், ஐயா" என்றார். இடது பக்கக் குழல்தான். அன்றைக்கே வேலை போயிற்று.

எழுபத்து நான்கில் சொந்தக் கடை. கடைக்குப் பெயர் எழுதவில்லை. பெயர்ப்பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு காதை வரையச் சொன்னார். ஓவியன் காதுக்குள் நாலு மயிரையும் சேர்த்து வரைந்துவிட்டான். அதற்கும் பணம் கேட்டான். அந்தக் காதை வைத்து எலியேசர் மூன்று மாடி வீடு கட்டினார், தன் இரண்டு பெண்களையும் செவிலியராக்கினார். வடக்குப் பேட்டையில் ஒரு என்ஜினீயர் சுவரில் பட்டம் மாட்டிக்கொண்டு கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் மீட்டர்கள் ஏழு. எலியேசரிடம் ஒன்று, அதுவும் முள் வளைந்தது. தேவையில்லை என்பதால் அவர் அதை மாற்றவில்லை.

அவருடைய காதின் மகத்துவம் இப்படி: அந்த ஊரில் சுவரிலிருந்து வரும் கரன்ட் நொடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் அலையும். பவர் சப்ளை அந்த அலையை மடக்கி ஒரே பக்கமாகத் திருப்பும். மடக்கினால் அறுபது நூற்றிருபதாகும். அந்த மடிப்புகளை இஸ்திரி போட்டதுபோல் நீவிச் சமமாக்குவது கண்டன்சரின் வேலை. ஆகவே உறுமல் அறுபது என்றால் எர்த் ஒயரில் கோளாறு. நூற்றிருபது என்றால் கண்டன்சர் காய்ந்துவிட்டது. என்ஜினீயர் இதைக் கண்டுபிடிக்கப் பச்சை அலை ஓடும் திரையுள்ள ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். எலியேசர் கேட்டே சொல்லிவிடுவார். "அறுபதுன்னா வயித்துல முழங்கும். நூத்தியிருவதுன்னா பல்லு கூசும்" என்பார்.

செப்டம்பர் மாதம் உல்பியானோ ஆள் அனுப்பியபோது எலியேசர் போனார். இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சத்தத்தை முதலில் வாங்கிப் பெருக்குகிற சிறிய ஆம்ப்ளிஃபையரும், அதற்கென்று தனிப் பெட்டியில் வைத்த பவர் சப்ளையும் எண்பத்தெட்டில் எலியேசரே தன் கையால் கட்டிக்கொடுத்தவை. இரும்புப் பெட்டி, ஏழு கிலோ. இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே தாழ்வான பலகையில் உட்கார்ந்திருந்தது. எலியேசர் மண்டியிட்டு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். பல் கூசியது.

"நூத்தியிருவது."

"என்ன மேஸ்திரி, பஸ் நம்பரா?"

"வியாதியோட பேரு. கண்டன்சர் காஞ்சுபோச்சு."

"நீங்க கட்டின பெட்டிதானே? சாகற வரைக்கும் உழைக்கும்னீங்க."

"யாரு சாகற வரைக்கும்னு நான் சொல்லலையே, தோன் உல்பியானோ."

"எப்போதிருந்து?" என்று கேட்டார். நல்ல மேஸ்திரி கேட்க வேண்டிய கேள்வி. ஆகஸ்டிலிருந்து என்றார் உல்பியானோ. ஆகஸ்டில் காற்று, கரன்ட் வந்து வந்து போகும், கண்டன்சருக்கு ஆகாது. எல்லாம் பொருந்தியது. சத்தத்தைக் குறைக்கும் திருகை எலியேசர் அடிவரை திருப்பினார். உறுமல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பாத்தீங்களா, பாட்டு வர்ற வழியில வரல. சோறு போடற வழியில வருது. பவர் சப்ளைதான்" என்றார்.

பெட்டியை எடுக்க வேண்டும். அதன்மேல் ஒரு மணி இருந்தது. சால்சா தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுவது நல்லது: மாட்டுக் கழுத்து மணியைப் போல நாக்கில்லாத இரும்பு மணி, கட்டையால் தட்டுவது. ஒப்ரேரோவில் இசைத்தட்டு பாடும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்பது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுவதற்குச் சமம். கேட்பவர் கூடவே தட்ட வேண்டும். இந்த மணி சாதாரண மணியும் இல்லை. பாச்சோ திரேஹோஸ் என்ற மேளக்காரன் எழுபத்தொன்றின் திருவிழாவில் தட்டியது என்று சொல்லி அவன் விதவை ஆகஸ்ட் மாதம் உல்பியானோவுக்கு விற்றாள். உல்பியானோ அதைத் தன் கருவிகளின் நடுவில், பவர் சப்ளையின் தலைமேல், வெறும் இரும்பின்மேல் வெறும் இரும்பாக வைத்திருந்தார். துணி விரித்து வைத்தால் நாதம் மூச்சு முட்டும் என்பது அவர் கொள்கை. மணியை அவர் பாதிரியார் திருப்பாத்திரத்தை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். எலியேசர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

கண்டன்சர்கள் லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வந்தன, முதல் தரம். பழையவற்றை அளந்து பார்க்கவில்லை. இருபது வருஷத்துக் கண்டன்சரை எதற்கு அளப்பது? பிடுங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். கடையில் பெட்டியை ஓடவிட்டால் பூனை மூச்சு விடுவது கேட்டது. அவ்வளவு அமைதி.

திரும்பக் கொண்டுபோய் மாட்டினார். உல்பியானோ வீட்டிலும் பூனை மூச்சு. உல்பியானோ எலியேசரைக் கட்டிக்கொண்டார். பணப்பையை எடுத்தார். நோட்டுகளைப் பாதி வெளியே இழுத்தவர், இன்னொரு கையில் மணி இருப்பதை அப்போதுதான் கவனித்து, அதை அதன் இடத்தில் வைத்தார்.

ஊஊஊம்.

நோட்டுகள் பைக்குள் போயின.

"சூடேறினதும் வருது" என்றார் எலியேசர். "டயோடு."

அலையை மடக்குகிற டயோடுகளை மாற்றினார். கூலி சேர்க்கவில்லை, இது மானத்தின் கணக்கு. கடையில் பூனை, வீட்டில் உறுமல். அடுத்த வாரம் எர்த் ஒயர்களை எல்லாம் பிரித்து ஒரே முனையில் சேர்த்துக் கட்டினார். அப்போதும் உறுமல். பாட்டு ஓடும்போது ஒன்றும் கேட்பதில்லை; பாட்டின் இரைச்சலில் அடங்கிப்போகிறது என்று எலியேசர் நினைத்தார். பாட்டு ஓடும்போது மணி உல்பியானோவின் கையில் இருக்கிறது என்பதை அவர் நினைக்கவில்லை. யார் நினைப்பார்கள்? கண்ணுக்கு எதிரில் ஒரு மனிதன் மணி தட்டினால், நல்லாத் தட்டுகிறானா என்றுதான் பார்ப்போம்.

நாலாவது தடவை எலியேசர் தன் வித்தையின் உச்சத்தைக் காட்டினார். மோட்டார் சைக்கிள் பாட்டரி இரண்டைக் கொண்டுவந்தார். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, சின்ன ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டரியிலிருந்தே சாப்பாடு போட்டார். கல்லறை போல் அமைதி. மீண்டும் பவர் சப்ளையை மாட்டினார், ஊஊஊம். பாட்டரி, அமைதி. பவர் சப்ளை, ஊஊஊம். பத்துத் தடவை மாற்றி மாற்றிக் காட்டினார்.

"இதுக்கு மேல ருசு வேணுமா? குத்தவாளி பவர் சப்ளைதான்."

"அது யாரு கட்டினதுன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க மேஸ்திரி" என்றான் நெஸ்தோர். பதினைந்து பேரில் ஒருவன், டாக்ஸி ஓட்டுகிறவன். பெட்ரோலுக்கு இல்லாவிட்டாலும் தட்டு வாங்குகிறவன்.

எலியேசர் திருப்புளியை எடுத்தார். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக் கொண்டுபோய், மூன்று நாள் கடையை அடைத்து, ஆயிரத்து இருநூறு சுற்றுச் செம்புக் கம்பியையும் கையாலேயே பிரித்துக் கையாலேயே சுற்றி, வார்னிஷில் முக்கி வெயிலில் காயவைத்தார். அந்த ஊரில் அந்த வேலையைச் செய்ய அவரைத் தவிர ஆளில்லை. அது உண்மை. கொண்டுவந்து மாட்டினார். உல்பியானோ மணியை வைத்தார்.

ஊஊஊம்.

நவம்பர் முதல் சனிக்கிழமை கூடத்தில் பேச்சு இப்படி இருந்தது:

"தட்டு எதுக்கு உல்பியானோ, கண்டன்சரையே பாடவிடேன்."

"ஒரே சுருதி. நம்ம பாட்டுக்காரங்க பல பேருக்கு அது வராது."

"மேஸ்திரி, போர்டுல இருக்கற காதுல அழுக்கு சேந்திருக்கும். ஏணி போட்டுத் துடைங்க."

எலியேசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எண்ணினார்: நெஸ்தோரின் ஆம்ப்ளிஃபையர், எதிரில் இருந்த பழக்கடைக்காரரின் ஆம்ப்ளிஃபையர், இன்னொருவருடையது. மூன்றும் இந்த வாரம் வருவதாகச் சொன்னவை. மூன்றும் வரவில்லை. திங்கட்கிழமை வடக்குப் பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போனபோது என்ஜினீயர் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நெஸ்தோரின் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார். அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த கால்பந்துக் குழுவின் பூதப் படம், பஸ் திரும்பும் வரை அவரையே பார்த்தது. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக எலியேசருக்குத் தன் காதில் சந்தேகம் வந்தது. மருந்துக்கடையில் காதுக்கு எண்ணெய் வாங்கினார். வீட்டுக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்.

வியாழக்கிழமை காலை மறுபடி போனார். உல்பியானோ ஓய்வூதிய வரிசையில் நிற்கப் போயிருந்தார். கதவைத் திறந்தவள் அவருடைய அக்கா லெய்தா. எழுபத்து நாலு வயது. சமையலறை ஜன்னல் வழியாக எம்பனாடா விற்கிறாள். சோளமாவுக்குள் உருளைக்கிழங்கும் கறியும் வைத்துப் பொரித்தது. அந்தத் தெருவில் அவள் எம்பனாடாவுக்கு வரிசை நிற்கும். சனிக்கிழமை மட்டும் வரிசை கிடையாது. தம்பியின் நண்பர்கள் அவ்வளவையும் தின்றுவிடுவார்கள்.

எலியேசர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஊஊஊம். பல் கூசியது. நூற்றிருபது. சந்தேகமே இல்லை.

லெய்தா துடைக்கிற துணியோடு வந்தாள். தட்டு அலமாரியைத் துடைத்தாள். ஸ்பீக்கர் தலையைத் துடைத்தாள். மணியைத் தூக்கினாள்.

சத்தம் நின்றது.

எலியேசர் கண்ணைத் திறந்தார். லெய்தா பெட்டியின் மேல்பக்கத்தைத் துடைத்து, மணியை வைத்தாள். ஊஊஊம். அவரைப் பார்த்தாள். தூக்கினாள். அமைதி. வைத்தாள். ஊஊஊம்.

"தினமும் காலையில இதே கூத்துதான்" என்றாள். "தொடைக்கறப்ப வாயை மூடிக்கும். வெச்சா மொணங்கும்."

எலியேசர் எழுந்தார். எதிராளியின் கழுத்தைப் பிடிப்பதுபோல் ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டையும் பிடுங்கி எறிந்தார். இப்போது ஸ்பீக்கர் வெறும் மரப்பெட்டி. அதிலிருந்து தும்மல்கூட வராது. ஊஊஊம் என்றது கூடம்.

முப்பது வருஷமாகத் தன்னிடம் வேலை செய்தவனுக்கெல்லாம் எலியேசர் சொன்ன முதல் பாடம்: முதலில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கு. பிடுங்கியும் சத்தம் வந்தால் அது ஆம்ப்ளிஃபையரின் சத்தமே இல்லை. அந்தப் பாடம் காது இல்லாதவனுக்கு; தனக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். காது சொன்னது சரிதான். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு காந்தம். அறுபது அலையில் இரும்பை நூற்றிருபது தடவை பிடித்துப் பிடித்து விடும். பெட்டியின் மூடி அதிர, அதன்மேல் மணி ஒரு மயிரளவு துள்ளித் துள்ளி உட்கார்ந்தது. பாட்டரியில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் தூங்கும், மணியும் தூங்கும். சரியாக நூற்றிருபது. இவ்வளவு துல்லியமாகக் கேட்ட காது, ஒரு முழம் தள்ளி இருந்ததை ஸ்பீக்கரில் இருப்பதாக நினைத்துக்கொண்டது.

"தோன்யா லெய்தா, எப்போதிருந்து தெரியும்?"

"ஆகஸ்டுலருந்து."

"சொல்லியிருக்கலாமே!"

"யாரு கேட்டா? நீங்க வருவீங்க, காதை வெப்பீங்க, நூத்தியிருவதுன்னுவீங்க, போவீங்க. அவன் மணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிப்பான். ரெண்டு ஆம்பளைங்க இவ்வளவு மும்முரமா இருக்கறப்ப நடுவுல வந்து பேச நான் என்ன ரேடியோ படிச்சவளா?"

எலியேசர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கண்டன்சர். டயோடு. ஆயிரத்து இருநூறு சுற்று.

"சனிக்கிழமை உண்மையைச் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க. நல்லா இருந்ததைப் புடுங்கிப் போட்டேன், நல்லா இருந்ததைப் பிரிச்சுச் சுத்தினேன், எல்லாத்துக்கும் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் ஆச்சுன்னு சொல்லுங்க. அப்படியே அந்தக் காது போர்டைக் கழட்டி எனக்குக் குடுத்துடுங்க. எம்பனாடா கூடைக்கு மூடி இல்ல."

"சொல்லாட்டி?"

லெய்தா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "மூணு வருஷமா சனிக்கிழமைக்கு நாப்பது எம்பனாடா. எழுதி வெச்சுக்கோ அக்கான்னுவான் என் தம்பி. கணக்குப்பிள்ளை, பாருங்க. எழுதறதுக்கு மட்டும் அலுக்காது. அந்தப் பணம் வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க பணம் வரும். அதுல பாதி எனக்கு."

"பாதியா! சாமான் செலவே லட்சத்துப் பத்தாயிரம், அம்மா!"

"அப்ப உங்களுக்கும் பத்தாயிரம் மிஞ்சுது. பஸ்ஸுக்கு ஆச்சு."

"இது கொள்ளை."

"நூத்தியிருவது" என்றாள் லெய்தா, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, அவரைப் போலவே. "பல்லு கூசுதா?"

எலியேசர் கடைக்குப் போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்தார். முள் வளைந்த மீட்டரால் பழைய கண்டன்சர்களை அளந்தார். எண்பத்தெட்டில் வாங்கியபோது இருந்ததைவிட ஒரு முள் மேலேயே காட்டின. நல்ல சாமானாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மணியை அந்த இடத்திலிருந்து எடுக்கவைப்பதுதான் கஷ்டம். உல்பியானோவிடம் "உன் மணிதான் உறுமுது" என்றால், உறுமுவது பவர் சப்ளை இல்லை என்றாகிவிடும். கடனும் இல்லை என்றாகிவிடும். கணக்குப்பிள்ளை அந்த இடத்துக்கு நொடியில் வந்து சேர்வார். வெள்ளிக்கிழமை முழுக்க எலியேசர் யோசித்தார். மூன்றாம் வகுப்போடு நிறுத்தியதன் நன்மை இதுதான்: யோசனையை நடுவில் தடுக்கப் புத்தகம் எதுவும் இருக்காது.

சனிக்கிழமை மதியம் பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். சோம்புச் சாராயம் ஒரு சுற்றுப் போயிருந்தது. எலியேசர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரே ஒரு திருப்புளியோடு வந்தார். பை இல்லை, மீட்டர் இல்லை. அதுவே எல்லாரையும் கொஞ்சம் அமைதியாக்கிற்று.

பவர் சப்ளை முன்னால் நின்று மணியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார்.

"தோன் உல்பியானோ! இது எத்தனை நாளா இங்க இருக்கு?"

"ஆகஸ்டுலருந்து. ஏன்?"

"கரன்ட்டுப் பெட்டி தலைமேல! டிரான்ஸ்ஃபார்மர் மேல! நாலு மாசமா!" எலியேசர் திருப்புளியால் பெட்டியைச் சுட்டினார். "இரும்பு, ஐயா! கீழ காந்தம்! நொடிக்கு நூத்தியிருவது தடவை இழுத்து இழுத்து விடுது. பாச்சோ திரேஹோஸ் அடிச்ச அடியெல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஒவ்வொண்ணா உறிஞ்சி எடுக்குது!"

உல்பியானோவின் முகம் வெளிறிவிட்டது. மணியை வாரி எடுத்தார். கட்டையால் ஒரு தட்டு தட்டினார். "தங்" என்றது. பதினைந்து பேரும் கேட்டார்கள்.

"மங்கிப்போச்சு" என்றார் உல்பியானோ, மெதுவாக.

"ஓரத்துல கொஞ்சம் மங்கல்தான்" என்றார் பழக்கடைக்காரர்.

"போன மாசமே எனக்குத் தோணிச்சு" என்றான் நெஸ்தோர். "சொன்னா வருத்தப்படுவாருன்னு விட்டுட்டேன்."

ஆணி வந்தது, சுத்தி வந்தது, லெய்தாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நாடா வந்தது. அவள் அதை முன்னாடியே வெட்டி வைத்திருந்தாள். மணியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பதினைந்து பேரும் பதினைந்து சுவரைச் சொன்னார்கள். கூடத்தில் இருப்பதோ நாலு. அந்த அமளியில் எலியேசர் குனிந்து பவர் சப்ளையின் பின்பக்கத்து நாலு திருகாணியில் ஒன்றைக் கால் திருகு இறுக்கினார். கரன்ட்டைப் போட்டார். கையை உயர்த்தினார்.

எல்லாரும் திரும்பினார்கள். கூடத்தில் பூனை மூச்சு விட்டது.

"போச்சு!" என்றார் உல்பியானோ.

"போச்சு" என்றார் எலியேசர்.

"எது, மேஸ்திரி? என்ன பண்ணினீங்க?"

"கடைசி வேலை ஒண்ணு பாக்கி இருந்துது. அத முடிச்சேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணியைப் பற்றிச் சொன்னதிலும் காந்தம் உண்மை, நூற்றிருபது உண்மை, நாலு மாதம் உண்மை. உறிஞ்சுவது மட்டும் கொஞ்சம் மேலே போட்ட உப்பு.

"மேஸ்திரி, என்னோடதைத் திங்கட்கிழமை கொண்டாரட்டுமா?" என்றான் நெஸ்தோர். "வடக்குல குடுத்தேன். ஏழு மீட்டர் வெச்சுப் பாக்கறாரு, ஒண்ணும் தெரியலைங்கறாரு."

"கொண்டா" என்றார் எலியேசர். "ஆனா வரிசையில நிக்கணும்."

இன்றைக்கும் ஒப்ரேரோவில் யாரும் பவர் சப்ளைமேல் மணி வைப்பதில்லை. நாதம் செத்துவிடும் என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். அந்த வருஷம் டிசம்பரில் எலியேசரின் கடையில் ஆம்ப்ளிஃபையர்கள் நடைபாதை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் திறப்பதற்கு முன் அவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். கேட்டவர்களிடம், "எழுபத்து நாலுலருந்து இதான் என் பழக்கம்" என்றார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை உல்பியானோ எல்லார் முன்னாலும் பணப்பையைத் திறந்து, எச்சில் தொட்டு, இருபதாயிரம் நோட்டுகள் பன்னிரண்டை எண்ணி எலியேசரிடம் கொடுத்தார். "கடன் தீர்ந்துச்சு, எல்லாரும் சாட்சி" என்றார். ஒரு கடனாவது தீர்த்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். "அக்கா! மேஸ்திரிக்கு எம்பனாடா குடு. என் கணக்குல எழுதிக்கோ!"

பாட்டு தொடங்கியது. உல்பியானோ மணியை ஆணியிலிருந்து எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். மங்கிப்போனது என்று இரக்கப்பட்டு வழக்கத்தைவிட ஓங்கித் தட்டினார்.

எலியேசர் கை கழுவுவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. லெய்தா திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையால் எம்பனாடாவைப் புரட்டிக்கொண்டே, இடது கையைப் பின்பக்கமாக நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் சோளமாவு ஒட்டியிருந்தது.

"தோன்யா லெய்தா, அஞ்சு நோட்டு வெச்சுக்கக் கூடாதா? அந்தத் திருகாணி என்னோட யோசனைதானே."

"நாடா என்னோடது."

எலியேசர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு நோட்டை வைத்தார். கை அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலு, ஐந்து. ஐந்தோடு கொஞ்சம் நின்றார். எண்ணெய் சடசடத்தது, கூடத்தில் மணி ஓங்கி ஒலித்தது, கை விரித்தபடியே இருந்தது. ஆறாவது நோட்டை அதன்மேல் வைத்தார்.